சப்பை உதிரும் பருத்திக்கு வளர்ச்சி ஊக்கி அடிக்கலாமா?

கேள்வி: சங்கரன்கோவில் பக்கம் கரிசலில், புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரிப் பருத்தி விதைத்திருக்கிறேன். சப்பைகள் (பூமொட்டுகள்) நிறைய உதிர்கின்றன. கடையில் வளர்ச்சி ஊக்கி ஒன்றும், செடியைக் குட்டையாக்கும் மெபிக்வாட் குளோரைடும் தந்து, இரண்டையும் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

— ஒரு வாசகர்

பதில்: கலந்து அடிக்க வேண்டாம். மருந்துப் புட்டியைத் திறக்கும் முன்பு, வயலில் நான்கைந்து இடங்களில் உதிர்ந்து கிடக்கும் சப்பைகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். துளையும் அதன் வாயில் புழுவின் எச்சமும் தெரிந்தால் அது காய்ப்புழுவின் வேலை. அதை எந்த ஊக்கியும் நிறுத்தாது. துளையில்லாமல் காம்போடு மஞ்சளித்து விழுந்திருந்தால், தொடர்ந்த மப்பு மந்தாரமோ, ஈரக் குறைவோ, தண்ணீர் தேங்கியதோ, ஊட்டக் குறைவோ காரணமாக இருக்கலாம். கட்டும் சப்பையிலும் பிஞ்சிலும் பாதிக்கு மேல் இயல்பாகவே உதிர்த்துவிடும் பயிர் பருத்தி என்பதால், ஓரளவு உதிர்வுக்குப் பதற வேண்டியதில்லை.

இந்த இரண்டாம் வகை உதிர்வுக்குத்தான் நாஃப்தலீன் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி உதவும். கடைகளில் கிடைக்கும் 4.5 சதவீதக் கரைசலில் 1 மில்லிக்கு 45 மில்லிகிராம் மருந்து இருக்கிறது, அந்த 1 மில்லியை 4.5 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 10 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆகும். இவ்வளவு நுணுக்கமான மருந்தைப் புட்டி மூடியால் உத்தேசமாக ஊற்றுவது பெரிய தவறு. லேபிளில் பருத்திக்கென்று போட்டிருக்கும் அளவை, ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து எடுங்கள். அளவு மீறினால் இதே மருந்து செடியில் உதிர்வை உண்டாக்கும் எத்திலீன் வாயுவைத் தூண்டி உதிர்வைக் கூட்டிவிடும்.

மெபிக்வாட் குளோரைடு, செடியை நீளச் செய்யும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் செடிக்குள் உருவாவதைத் தடுத்து, கணுவுக்குக் கணு உள்ள நீளத்தைக் குறைப்பது. தண்ணீரும் தழைச்சத்தும் மிகுந்து, காய் பிடிக்காமல் மதமதவென்று வளரும் இறவைப் பருத்திக்கு அது பொருந்தும். மழையை நம்பி நிற்கும் உங்கள் பயிர் ஈரமின்றி வாடும் நேரத்தில் அதை அடித்தால், வளர்ச்சி அறவே நின்றுபோகும்.

தெளிப்பானைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மக்காச்சோளத்துக்கோ நெல்லுக்கோ 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்கைப் பருத்திக்கு எடுக்கவே கூடாது. அடியில் தங்கிய சிறு மிச்சமே போதும், பருத்தியின் கொழுந்திலைகள் குறுகி, தவளைக்கால் போல விரல் விரலாகப் பிரிந்துவிடும். அலசினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே நல்லது.

காற்று அடங்கிய காலையிலோ மாலையிலோ, மழைக்கு அறிகுறி இல்லாத நாளில், கையுறையும் முகக்கவசமும் அணிந்து தெளியுங்கள். டேங்கை ஊருணியிலோ கிணற்றடியிலோ கழுவ வேண்டாம். மருந்து அடித்திருக்கும் விவரத்தைக் கிடை போடும் கீதாரியிடம் (ஆட்டு மந்தைக்காரரிடம்) முன்கூட்டியே சொல்லி, லேபிளில் குறித்த காலம் முடியும்வரை ஆடுகளை அந்த வயலில் மேயவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.