வாழ்நாள் முழுக்கக் குரங்குகளின் இனப்பெருக்க ஹார்மோனையே ஆராயும் விஞ்ஞானியால் நமக்கு என்ன பயன்?

நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், வீட்டில் யாரோ இந்தப் படிப்பில் சேரப் போகிறார்கள், உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது. என் பதில் ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கும். அந்த ஆராய்ச்சியின் பலன் என் மகளுக்குக் கிடைத்திருக்கிறது.

ஏழு வயது முடியும் முன்பே அவளுக்கு மார்பு வளரத் தொடங்கியது. “பிராய்லர் கோழியை நிறுத்து” என்றார் நாத்தனார். மாமியாரோ சடங்குச் செலவைக் கணக்குப் போடவே ஆரம்பித்துவிட்டார். குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டர் இடது கை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, மணிக்கட்டு எலும்புகளைக் காட்டி, “இது பத்து வயதுப் பிள்ளையின் கை” என்றார். எலும்பு சீக்கிரம் முதிர்ந்தால் உயரமும் சீக்கிரம் நின்றுவிடுமாம். மூன்று மாதத்துக்கு ஒரு லியூப்ரோலைடு ஊசி எழுதினார்.

அது என்னவென்று பார்த்தால், பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் மூளை ஹார்மோனின் வலுவான நகல்! தூண்டுவதையே கொடுத்தால் எப்படி நிற்கும்? பயந்துபோய்த் தேடியதில்தான் எர்ன்ஸ்ட் க்னோபில் பற்றித் தெரிந்தது. 1926இல் பெர்லினில் பிறந்து அமெரிக்கா போனவர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் செம்முகக் குரங்குகளின் மாதவிடாய்ச் சுழற்சியை வருடக்கணக்கில் ஆராய்ந்தார். அந்த ஹார்மோன் சுமார் மணிக்கொரு முறை, விட்டு விட்டு வந்தால்தான் சினைப்பையைத் தூண்டிவிடும் பிட்யூட்டரி சுரப்பி (மூளைக்கு அடியில் இருப்பது) வேலை செய்யும், இடைவிடாமல் கொடுத்தால் அடங்கிவிடும் என்று 1978இல் அவர் குழு காட்டியது. விடாமல் ஹாரன் அடிக்கிற பஸ்ஸை யார் மதிக்கிறார்கள்? அந்தக் கதைதான். ஊசி மருந்து உடம்பில் கசிந்துகொண்டே இருக்கும்; முதலில் கொஞ்சம் தூண்டும், அப்புறம் எல்லாம் அடங்கும். புராஸ்டேட் புற்றுநோய்க்கும் இதே உத்திதான்.

மருந்தை அவர் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை, கமெண்டில் திருத்த வராதீர்கள். ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்த ஷாலி, கியெமன் இருவருக்கும் 1977இல் நோபல் கிடைத்தது, க்னோபிலுக்குக் கிடைக்கவில்லை. குரங்குகள் பட்ட பாட்டையும் நான் மறுக்கவில்லை. அதே 1978இல் இந்தியா குரங்கு ஏற்றுமதியை நிறுத்தியது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் என் பிள்ளை இப்போது மற்ற பிள்ளைகளோடு நிம்மதியாக விளையாடுகிறாள்.

என் கோபமெல்லாம் காப்பீட்டுக்காரர்கள் மேல்தான். ஆஸ்பத்திரியில் படுக்காமல் போட்ட ஊசிக்குப் பணம் தர முடியாதாம். ஊசி போட்ட கையோடு ஐஸ்கிரீம் கேட்கிற பிள்ளையை எதற்கு அட்மிட் செய்வது?