சட்டம் பேசுவோம்: பையில் ஒரு கத்தி

கேள்வி: மேற்படிப்புக்காக இங்கிலாந்து போகும் மகனுக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கிக் கொடுத்தேன். எப்போதும் பையிலேயே இருக்கட்டும் என்றேன். அங்கே அதற்கு ஜெயில் என்று என் தம்பி பயமுறுத்துகிறான். உண்மையா?

பதில்: தம்பி சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அங்கே 1988-ம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தில் 139-வது பிரிவு இருக்கிறது. தக்க காரணம் இல்லாமல் கத்தியோ கூர்முனைப் பொருளோ பொது இடத்தில் வைத்திருந்தால் 4 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு உண்டு. வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

உடனே ஸ்கேலை எடுத்து அளந்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். கத்தியை முழுக்க விரித்துப் பாருங்கள். 'டக்'கென்று பூட்டிக்கொண்டு, எதையாவது அழுத்தினால்தான் மடங்குகிறதா? அப்படியானால் இரண்டு அங்குலமே இருந்தாலும் அந்த விலக்கு கிடைக்காது. விரல் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டே வைக்கிறார்கள். ஆனாலும் நீதிமன்றங்கள் சொல்வது இதுதான்: மடக்குக் கத்தி என்றால் எந்த நேரமும் எதையும் அழுத்தாமல் அப்படியே மடக்க முடிய வேண்டும்.

சமையல்காரர் தன் கத்திகளோடு வேலைக்குப் போகலாம். தொழில் என்பது தக்க காரணம். அதே கத்தியை வாரக் கணக்கில் காரில் போட்டுவிட்டு "மறந்துட்டேன்" என்றால், மறதியை மட்டும் காரணமாக ஏற்க மாட்டார்கள்.

கேள்வி: அதே மகனின் அம்மாதான். போலீஸ் கேட்டால் "பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன்" என்று சொல்லட்டுமா?

பதில்: ஐயோ, அந்த எண்ணமே வேண்டாம் அம்மா! அங்கே 1953-ம் ஆண்டிலிருந்து இன்னொரு சட்டமும் இருக்கிறது. ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு கையில் இருந்தால் எந்தப் பொருளும் ஆயுதம்தான். தற்காப்புக்காகக் குத்துவேன் என்பதும் காயப்படுத்தும் நோக்கமே. அதாவது, அளவு, பூட்டு எல்லாம் சரியாக இருக்கிற கத்தியையும் உங்கள் மகன் தன் வாயாலேயே ஆயுதமாக்கிவிடுவான். பொய் சொல்லச் சொல்லவில்லை. அந்த நினைப்போடு கத்தியை எடுத்துப் போகவே வேண்டாம் என்கிறேன். வீட்டில் வைத்துச் சமைக்கட்டும். மிளகு ஸ்பிரே வாங்கித் தரலாமே என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள், பிரிட்டனில் அது துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட ஆயுதம்.

கேள்வி: சீக்கியர்கள் மட்டும் கிர்பான் என்ற குறுவாளை வைத்துக்கொள்ளலாமாம். சட்டம் எல்லாருக்கும் பொதுவில்லையா?

பதில்: பொதுதான். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வியும் எல்லாருக்கும் பொது. கிர்பான் அணிவது சீக்கிய சமயத்தைப் பின்பற்றுவதில் அடங்கும் என்று நம் அரசியலமைப்பின் 25-வது பிரிவின் விளக்கமே சொல்கிறது. பிரிட்டன் சட்டம் மதக் காரணத்தோடு தேசிய உடையையும் ஏற்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் பாரம்பரிய உடையில் காலுறைக்குள் குறுங்கத்தி செருகிக்கொள்வது அப்படித்தான். கனடாவில் ஒரு பள்ளி மாணவனின் கிர்பான் உச்ச நீதிமன்றம் வரை போனது. உறையிலிட்டு உடைக்குள் தைத்துக்கொண்டு வரலாம் என்று 2006-ல் தீர்ப்பானது. கத்தரிக்கோல், பென்சில், பேஸ்பால் மட்டை எல்லாம் பள்ளியில் அதைவிடச் சுலபமாகக் கைக்குக் கிடைக்குமே என்றும் நீதிபதிகள் கேட்டார்கள். எனக்குப் பிடித்த வாதம் அது.

கேள்வி: விமானத்தில்?

பதில்: கைப்பையில் வேண்டாம். சின்னக் கத்திகளைக் கேபினுக்குள் அனுமதிக்கலாம் என்று 2013-ல் அமெரிக்கா கிளம்பியது. விமானப் பணியாளர்கள் கொதித்தெழ, சில மாதங்களிலேயே திட்டத்தைக் கைவிட்டது. செக்-இன் பெட்டியில் போடுங்கள். முனையை நன்றாகச் சுற்றி வையுங்கள், பெட்டியைத் திறந்து சோதிப்பவருக்கும் கை இருக்கிறது.