குளிர்காலத்தில் இயற்கையிடம் மனசுக்குத் தீனி கிடைக்குமா?

"இலையெல்லாம் உதிர்ந்து, வெளியே உயிரே இல்லாத மாதிரி கிடக்கும் குளிர்காலத்தில் இயற்கையிலிருந்து ஆன்மிக ஊட்டம் பெறுவது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். பனி கொட்டும் தேசத்தில் இருக்கிறீர்கள் போலிருக்கிறது. நான் இருப்பது வேலூர். எங்களுக்கு எல்லாம் காய்ந்து கருகிக் கிடப்பது சித்திரை, வைகாசியில். மார்கழி, தையில்தான் ஊருக்கு உயிர் வரும். அதனால் என் பதில் உங்கள் கேள்விக்குத் தலைகீழாகத்தான் இருக்கும்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். கடைசியாகச் சொன்னது 1981-லேயே பொய்யாகிவிட்டது. ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் மறுபடி கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ராஜா இனி வரப்போவதில்லை. ஆறும் மலையும் மட்டும் வருஷத்துக்கு இரண்டு மாதம் அந்தக் கேலிக்குப் பதில் சொல்லும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மொட்டை மலையின் பாறையிடுக்கெல்லாம் பச்சை பிடித்திருக்கும். பாலாற்றில் அங்கங்கே தண்ணீர் கண்ணாடித் துண்டு மாதிரி நிற்கும். (2021 நவம்பரில் வந்த வெள்ளம் வேறு கதை. அதைப் பார்க்க ஊரே திரண்டது.)

நான் ஆன்மிகம் தேடி ஆற்றுக்குப் போகவில்லை. சர்க்கரைக்காகப் போனேன். நாலு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மாத்திரை இருக்கட்டும், முதலில் நடங்க" என்றார். வீடு காங்கேயநல்லூரில். வாரியார் சுவாமிகள் பிறந்த ஊர்; என் அம்மாவுக்கு அவர் பிரசங்கம் என்றால் உயிர். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மார்கழியில் விடியற்காலை தெருவில் நடந்தால் கோயில் ஒலிபெருக்கி காதைப் பிளக்கும் என்பதாலேயே மணல் பக்கம் ஒதுங்கினேன் என்றால் அம்மா இருந்திருந்தால் திட்டியிருப்பாள். வாசலில் சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகிய கோலங்களைத் தாண்டிப்போகும்போது மட்டும் அவள் ஞாபகம் வரும்.

சரி, ஆற்றைப் புனிதமாக்கிச் சொல்ல மாட்டேன். கரையில் கோழிக்கழிவு மூட்டை கிடக்கும், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஐம்பது அடி உள்ளே போனால் நாற்றம் நின்றுவிடும். பனி முழங்கால் உயரத்துக்கு மணலை மூடியிருக்கும். மேகமில்லாத ராத்திரியில் ஈர மணலின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விட, மலைப்பக்கத்துக் குளிர்க்காற்று கீழே வந்து படிவதால் வருவது அது. எதிர்க்கரையில் சத்துவாச்சாரி மலை மட்டும் மிதக்கும். வாலாட்டிக் குருவி ஒன்று முன்னால் ஓடி ஓடி நிற்கும். இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் நின்றேன். அப்போதுதான் சூரியனைக் கவனித்தேன்.

மலைமேல் ஒரு செல்போன் டவர் இருக்கிறது. நவம்பர் கடைசியில் சூரியன் அதற்கு நன்றாக இடப்பக்கம் உதித்தது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்ந்து டிசம்பர் 10 வாக்கில் டவருக்கு நேராக வந்துவிட்டது. அப்புறம் வேகம் குறைந்துபோனது. டிசம்பர் 21-ல் பார்த்தால் டவரைத் தாண்டி ஒரு சூரியன் அகலம்தான் போயிருந்தது. சில நாள் அங்கேயே நின்றது. பிறகு திரும்பி, ஜனவரி 2, 3 தேதிகளில் மறுபடி டவர். பொங்கலன்று இடப்பக்கம் மூன்று சூரியன் அகலம் வந்துவிட்டது.

அப்படியென்றால் தை முதல் நாள் உத்தராயணம், சூரியன் வடக்கே திரும்பும் நாள் என்கிறோமே, அது மூன்று வாரத்துக்கு முன்னாலேயே நடந்துவிட்டதா? ஆமாம். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்குப் போடுவது. பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெல்லத் தலையாட்டுவதால் அந்தக் கணக்கும் சூரியன் திரும்பும் நாளும் விலகிக்கொண்டே போகின்றன. சுமார் 1,700 வருஷத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே நாளில் இருந்தன. இப்போது 24 நாள் இடைவெளி. இன்னொன்றும் உண்டு: சூரியன் திரும்பிய பிறகும் எங்கள் ஊரில் ஜனவரி மூன்றாம் வாரம் வரை அது உதிக்கும் நேரம் தள்ளிக்கொண்டேதான் போகும். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் சட்டைக்குள் குளிர் ஏற ஏற நின்று கண்ணால் பார்த்தபோது, இத்தனை பெரிய ஒன்று இவ்வளவு ஒழுங்காக நடக்கிறது, அதற்கு என் சர்க்கரையும் தெரியாது, என் வீட்டுக் கடனும் தெரியாது என்று தோன்றியது. ஏனோ அதில் பெரிய நிம்மதி. நீங்கள் கேட்கும் ஊட்டம் அதுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோயிலில் எனக்குக் கிடைக்காதது அங்கே கிடைத்தது.

அங்கே தினமும் மாடு ஓட்டிவரும் பெரியவர் ஒருவர் உண்டு. முதல் நாளே, "இன்னா தம்பி, சர்க்கரையா?" என்றார். மணலைக் கையாலேயே முழங்கை ஆழம் தோண்டுவார், ஊற்று சுரக்கும். முதலில் வருகிற கலங்கலைக் கொட்டாங்குச்சியால் இறைத்துக் கொட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அடுத்து ஊறுவது தெளிவாக இருக்கும். இதை வைத்துத் தத்துவம் பேசலாம்தான், ஆனால் அவர் மாடு குடிப்பதற்காகத்தான் தோண்டினார்.

போன மார்கழியில் டவர் கணக்கை அவரிடம் பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார். "டவரு நேத்து வந்ததுப்பா. அதுக்கு அந்தாண்ட ஒரு மொட்டைப் பாறை தெரிதா? எங்க நைனா அத்த வெச்சிதான் சொல்வாரு. பாறையாண்ட போய் முட்டிகினு திரும்பும்."

மறுநாளிலிருந்து நானும் பாறையைத்தான் பார்க்கிறேன்.