மலையில் வெந்நீர்: ஸ்டாரும் சட்டமும் கரண்ட் பில்லும் – வாசகர் கேள்வி பதில்

லாட்ஜ், ஹோம்ஸ்டே, ஹாஸ்டல் நடத்தும் வாசகர்கள் வெந்நீர் பற்றி அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். ஊட்டியில் ஜனவரி அதிகாலையில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி, அதை 60 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்று வைத்துத்தான் கணக்குகள் போட்டிருக்கிறோம். 1,000 லிட்டரை அப்படிச் சூடாக்க 56 யூனிட் வேண்டும். சமவெளியில் 27 டிகிரித் தண்ணீருக்கு 38 யூனிட் போதும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

லாட்ஜில் 14 அறை, அறைக்கு ஒரு 25 லிட்டர் கீசர். எல்லாமே 5 ஸ்டார். சீசன் முடிந்து அறைகள் காலியாகக் கிடக்கும் மாதத்திலும் பில் இறங்கவில்லை. ஸ்டார் என்பது சும்மாவா?
– லாட்ஜ் உரிமையாளர், குன்னூர்

சும்மா இல்லை. ஆனால் நீங்கள் நினைப்பதை அது அளக்கவில்லை. மின்சார கீசர் எதுவானாலும் இழுக்கும் கரண்டில் ஏறக்குறைய முழுவதையும் தண்ணீருக்குள் வெப்பமாக விட்டுவிடும். அதில் ஒரு ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் பேதமில்லை. பி.இ.இ. எனும் மத்திய அரசின் ஆற்றல் திறன் அமைப்பு தரும் ஸ்டார், சூடான தண்ணீர் சும்மா நிற்கும்போது எவ்வளவு வெப்பம் வெளியே போகிறது என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் 45 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது 24 மணி நேரத்தில் எத்தனை யூனிட் வீணாகிறது என்ற எண் லேபிளிலேயே இருக்கும். ஸ்டாரைப் பார்க்கிறவர்கள் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை.

உங்கள் லேபிளில் 0.8 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். குளிர்நாளில் வித்தியாசம் 48 டிகிரி என்பதால் அது 0.85 ஆகும். 14 கீசர், 30 நாள்: சுமார் 357 யூனிட். ஒருவரும் குளிக்காமலே போன கரண்ட் இது. விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் இந்தத் தொகை மாறாது. அதனால்தான் பில் இறங்கவில்லை.

காலி அறையில் கீசரின் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிடச் சொல்லுங்கள். "அணைத்துப் போட்டால் மறுபடி சூடாக்க அதிகம் இழுக்குமே" என்று ரூம் பாய் முதல் எலக்ட்ரீஷியன் வரை சொல்வார்கள். தவறு. ஒரு நாள் அணைத்து வைத்தால் 60 டிகிரித் தண்ணீர் சுமார் 38 டிகிரிக்கு இறங்கும். அதைத் திரும்ப 60-க்கு ஏற்ற 0.64 யூனிட். அணைக்காமல் விட்டிருந்தால் 0.85 போயிருக்கும். தண்ணீர் ஆற ஆற வெப்பம் போகும் வேகமும் குறைவதால், எத்தனை மணி நேரம் அணைத்தாலும் லாபமே தவிர நஷ்டம் இல்லை. அறைச் சாவி அட்டையைச் செருகினால்தான் கரண்ட் வரும் ஏற்பாடு இருந்தால் கீசரையும் அதே கான்டாக்டரில் (அந்தக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) சேர்த்துவிடலாம். ஆனால் விருந்தாளி உள்ளே வந்து முக்கால் மணி நேரம் காத்திருக்க நேரும். செக்-இன் நேரத்துக்கு ஒரு மணி முன்பே ரிசப்ஷனிலிருந்து போடுகிற மாதிரி தனி சுவிட்ச் வைப்பது நல்லது.

இன்னொன்று. ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். பழைய லேபிளின் 5 ஸ்டாரும் இப்போதைய 5 ஸ்டாரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. லேபிளில் உள்ள ஆண்டைப் பாருங்கள். இந்தத் திட்டம் 6 முதல் 200 லிட்டர் வரையுள்ள சேமிப்பு வகைக்கு மட்டும். பட்டறையில் சொல்லிச் செய்யும் 500, 1,000 லிட்டர் தொட்டிக்கு ஸ்டார் கிடையாது. அங்கே இன்சுலேஷன் எத்தனை மில்லிமீட்டர் என்று நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்து வீட்டில் அரை மணியில் சூடாகும் அதே 2,000 வாட் கீசர், ஊட்டி ஹோம்ஸ்டேயில் ஒரு மணி எடுக்கிறது. காயில் போய்விட்டதா?
– ஹோம்ஸ்டே நடத்துபவர், ஊட்டி

காயில் நன்றாகவே இருக்கலாம். 25 லிட்டரை 27-லிருந்து 60-க்கு ஏற்ற 29 நிமிடம். 12-லிருந்து ஏற்ற 42 நிமிடம். மிச்சம் வோல்டேஜ். 230 வோல்ட்டுக்குப் பதில் 190 வந்தால் 2,000 வாட் காயில் 1,365 வாட்தான் தரும், 42 நிமிடம் 61 ஆகும். கீசர் ஓடும்போதே பிளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஓடாதபோது 225 காட்டி, ஓடும்போது 190-க்கு விழுந்தால் ஒயர் மெலிது அல்லது இணைப்பு தளர்வு. அந்த இடத்தில் கரண்ட் சூடாக வீணாவதோடு, தீப்பிடிக்கவும் வழி இருக்கிறது. 3,000 வாட் காயில் மாற்றினால் சரியாகும் என்று இறங்கிவிடாதீர்கள். அது 13 ஆம்பியர் இழுக்கும், பழைய லைனில் இன்னும் மோசமாகும்.

கோத்தகிரியில் 40 அறை ரிசார்ட் கட்டுகிறோம். சோலார் வாட்டர் ஹீட்டர் கட்டாயம் என்கிறார் ஆர்க்கிடெக்ட். மலையில் பாதி வருஷம் மூட்டமாயிற்றே?
– கட்டுமானப் பங்குதாரர், கோத்தகிரி

ஆர்க்கிடெக்ட் சொல்வது இ.சி.பி.சி. எனப்படும் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பின் 2017 பதிப்பு. இணைப்புச் சுமை (எல்லாக் கருவிகளின் வாட்டையும் கூட்டிய தொகை) 100 கிலோவாட் அல்லது ஒப்பந்தத் தேவை (மின்வாரியத்தோடு ஒப்புக்கொண்ட உச்ச அளவு) 120 கே.வி.ஏ. தொட்டால் வணிகக் கட்டடம் அதன் கீழ் வரும். 40 அறைக்கும் தனித்தனி 2 கிலோவாட் கீசர் என்று எழுதினாலே 80 கிலோவாட் ஆகிவிடுகிறது. லிஃப்ட், சமையலறை, லாண்டரி சேர்ந்தால் 100 தாண்டும். கீசரால்தான் விதிக்குள் நுழைகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

வெந்நீர் அமைப்பு உள்ள ஹோட்டல், மருத்துவமனை எந்தத் தட்பவெப்பப் பகுதியில் இருந்தாலும், மொத்த வெந்நீர்த் திறனில் குறைந்தது 20 சதவீதம் சோலாரிலிருந்து வர வேண்டும். தரைப்பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ என்றால் 40 சதவீதம். ஏ.சி., குளிர்பதன இயந்திரங்களின் கழிவு வெப்பத்தைப் பிடித்துத் தேவையான வெந்நீரைத் தந்தால் விலக்கு உண்டு, மலையில் ஏ.சி. போடுபவர் யார், அதனால் அந்த வழி உங்களுக்கு உதவாது. இதைத் தவிர, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இலும் சூரிய ஆற்றல் பற்றிய பகுதி இருக்கிறது. பிளான் அப்ரூவலுக்குப் போகும் முன் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூட்டம் உண்மைதான். ஆனால் கேட்பது 20 சதவீதம். 80 பேருக்கு ஆளுக்கு 40 லிட்டர் என்றால் 3,200 லிட்டர், அதில் 640. உச்சிக் குளிர்காலமான ஜனவரி, பிப்ரவரியில் மலையில் பகல் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், அதுவே வெந்நீர் அதிகம் செலவாகும் காலமும்கூட. சாய்வை 20-லிருந்து 25 டிகிரி வைத்துத் தெற்கே பார்க்க வையுங்கள், குளிர்காலச் சூரியனுக்கு அது பொருந்தும். உறைபனி விழும் பள்ளத்தில் இடம் இருந்தால் தட்டைப் பலகை வகை வேண்டாம்; செம்புக் குழாயில் நிற்கும் தண்ணீர் உறைந்து, விடியற்காலையில் குழாய் வெடிக்கும். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை தாங்கும். அதிலும் தொட்டிக்குப் போகும் குளிர்நீர்க் குழாயும், காற்று போய்வரும் ஏர் வென்ட் குழாயும் இன்சுலேஷன் உறை இல்லாமல் இருந்தால் அங்கே உறையும். வென்ட் அடைபட்டால் தொட்டி நசுங்குவதும் உண்டு.

60 மாணவர்கள் தங்கும் ஹாஸ்டலுக்கு ஹீட் பம்ப் வாங்கலாமா? "ஒரு யூனிட் போட்டால் நாலு யூனிட் சூடு" என்கிறார் விற்பவர்.
– ஹாஸ்டல் வார்டன், ஊட்டி

ஹீட் பம்ப் என்பது வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குள் விடும் இயந்திரம். வாங்கலாம், ஆனால் அந்த நாலை நம்பி அல்ல. அது பெரும்பாலும் 20 டிகிரிக் காற்றில் அளந்த எண். காற்று 7 டிகிரிக்கு வந்தால் இரண்டரை அளவில் எதிர்பாருங்கள். அதற்கும் கீழே போனால் பின்பக்கத் தகடுகளில் பனி படிந்து, இயந்திரம் தன் சூட்டையே திருப்பி விட்டு அதை உருக்கும். அந்த நேரம் வெந்நீர் கிடையாது. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். காற்று கடலோரத்தைவிட நாலில் ஒரு பங்கு அளவுக்கு மெலிது. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் தகடு வழியே போகும் காற்றின் எடை குறைவு. விற்பவர் பட்டியலில் இந்தக் குறைவு கணக்கில் இருக்காது.

ஆளுக்கு 60 டிகிரியில் 25 லிட்டர் என்றால் 1,500 லிட்டர், 84 யூனிட் வெப்பம். இரண்டரை மடங்கு கிடைத்தால் 34 யூனிட் கரண்ட். காயில் ஹீட்டரோடு ஒப்பிட்டால் நாளைக்கு 50 யூனிட் மிச்சம். இது பெரிய தொகை.

இதில் சாமர்த்தியம் நேரத்தில் இருக்கிறது. மாணவர்கள் குளிப்பது காலை 6 மணிக்கு என்பதால் எல்லோரும் டைமரை 3 மணிக்கு வைக்கிறார்கள். ஊரிலேயே குளிரான நேரம் அது. காலை 10 முதல் மாலை 4 வரை ஓட்டுங்கள், ஜனவரியிலும் பகல் காற்று நன்றாகவே ஏறியிருக்கும். ஆறு மணி நேரத்தில் முடிக்க 14 கிலோவாட் வெப்பத் திறன் வேண்டும். 7 டிகிரிக் காற்றில் எவ்வளவு தரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரவு முழுக்க ஆறிப்போகாதா என்றால், 50 மில்லிமீட்டர் பஃப் எனும் நுரை இன்சுலேஷன் போட்ட தொட்டி விடிவதற்குள் இரண்டு டிகிரிதான் இறங்கும்.

இயந்திரத்தை மூடிய அறையில் வைக்கக் கூடாது. தான் தள்ளிய குளிர்காற்றையே திரும்ப இழுத்து, அரை மணியில் அறையை ஃப்ரிட்ஜ் ஆக்கிவிடும். பனி உருகிய தண்ணீர் ஓட வடிகால் வேண்டும். நடைபாதையில் விட்டால் காலையில் வழுக்கும்.

சூடாக்குவது ஒரே இடத்தில். எல்லா மாடிக்கும் சுற்றிவரும் குழாயில் பம்ப் வைத்து எந்நேரமும் ஓடவிடுகிறோம். வெந்நீர்ச் செலவு பாதி குழாயில் போகிறது என்கிறார் பிளம்பர். மிகையா?
– ஹோட்டல் மேலாளர், கொடைக்கானல்

மிகை இல்லை. ஒரு இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், உள்ளே 60, வெளியே 15 டிகிரி என்றால் மீட்டருக்குச் சுமார் 50 வாட் போகும். போக வர 40 மீட்டர் என்றால் 2 கிலோவாட். நாள் முழுதும் ஓடினால் 48 யூனிட். மலையில் 860 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கும் வெப்பம் சுவருக்கும் காற்றுக்கும் போகிறது. 25 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் உறை போட்டால் 10 யூனிட்டுக்கு வந்துவிடும். பம்பைக் காலை 5 முதல் 10, மாலை 5 முதல் 10 என்று டைமரில் போட்டால் அதிலும் பாதி குறையும்.

உறை போடும் வேலையில் கெடுவது எப்போதும் வளைவுகளிலும் வால்வுகளிலும்தான். நேர்க்குழாயை அழகாக மூடிவிட்டு எல்போ, டீ, யூனியன், கிளாம்ப் பிடிக்கும் இடம் எல்லாவற்றையும் வெறுமையாக விடுவார்கள். கையை வைத்துப் பார்த்தால் தெரியும். வெளியே போகும் குழாய்க்கு உறையின் மேல் அலுமினியத் தகடு வேண்டும். வெயிலில் ரப்பர் வெடிக்கும், குரங்கு பிய்த்துவிடும். சுற்றுக்குழாய் இல்லாத சிறு அமைப்பில் தொட்டியிலிருந்து நேரே மேலே ஏறும் குழாய் வழியே சூடு தானாக ஏறிப் போகும். அதைத் தடுக்கத் தொட்டியை ஒட்டியே குழாயைக் கீழ்நோக்கி ஒரு யு வளைவு வளைத்து மேலே கொண்டுபோக வேண்டும். உள்வரும் குழாய், வெளிச்செல்லும் குழாய் இரண்டிலும் இந்தத் தடுப்பு வேண்டும் என்று இ.சி.பி.சி. கேட்கிறது.

பம்பை நிறுத்துகிறோம் என்று தொட்டியின் சூட்டை 45-க்கு இறக்கிவிடாதீர்கள். நிமோனியா உண்டாக்கும் லீஜியோனெல்லா கிருமி அந்தச் சூட்டில் வாழும். தொட்டி 60-இல் இருக்கட்டும், குழாயடியில் கலந்து குறைத்துக்கொள்ளலாம்.

கேஸ் கீசரில் தீ மஞ்சளாக எரிகிறது. ஜெட்டைப் பெரிதாக்கினால் நீலமாகுமா?
– காட்டேஜ் பராமரிப்பாளர், ஊட்டி

தயவுசெய்து தொடாதீர்கள். மஞ்சள் தீ என்றால் காற்று போதவில்லை. ஜெட் என்பது கேஸ் வெளிவரும் துளை; அதைப் பெரிதாக்கினால் கேஸ்தான் கூடும், கார்பன் மோனாக்சைடும் கூடும். மெலிந்த மலைக்காற்றுக்கு கேஸைக் குறைக்க வேண்டும். 2,000 அடிக்கு மேல் போனால், கடல் மட்டத்திலிருந்து எண்ணி ஆயிரம் அடிக்கு 4 சதவீதம் கழிப்பது அமெரிக்க நடைமுறை. ஊட்டியின் 7,350 அடிக்கு அது 28, 29 சதவீதம். ஜெட் மாற்றுவது தயாரிப்பாளரின் ஆள் செய்ய வேண்டிய வேலை. அதுவரை முதலில் பர்னரில் ஒட்டடை, சிலந்திக்கூடு இருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், காற்றை அடைக்கும் சாதாரணக் காரணம் அதுதான்.

கீசர் பாத்ரூமுக்குள் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். குளிருக்கு ஜன்னலை அடைத்துவிட்டுக் குளிப்பவர் மயங்கி விழுவது இப்படித்தான். வெளிச்சுவரில், கூரை நிழலில், புகைக்குழாயோடு வையுங்கள். செலவுக் கணக்குக்கு: 80 சதவீதத் திறனில் ஒரு 19 கிலோ சிலிண்டர் சுமார் 3,500 லிட்டர் சூடாக்கும்.

அமெரிக்காவில் இனி 95 சதவீதத் திறன் கேஸ் ஹீட்டர் மட்டும்தான் விற்கலாமாமே? இங்கே அது கிடைத்தால் வாங்கலாமா?
– பராமரிப்புப் பொறியாளர், குன்னூர்

அந்நாட்டு எரிசக்தித் துறை 2023 அக்டோபரில் வெளியிட்ட விதி அது. வணிக கேஸ் தொட்டி ஹீட்டருக்கு 80-லிருந்து 95 சதவீதம், 2026 அக்டோபர் 6 முதல் தயாராகும் இயந்திரங்களுக்கு. புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பிடித்தால்தான் அந்த எண் வரும். 12 டிகிரித் தண்ணீர் வரும் மலைக்கு இது நன்றாகப் பொருந்தும். குளிர்ந்த நீர் வர வர நீராவி நன்றாகப் படியும். ஆனால் படியும் நீர் அமிலம். ஜி.ஐ. வடிகாலையும் சிமெண்டையும் தின்னும். பி.வி.சி. குழாயில் சுண்ணாம்புக்கல் நிரப்பிய பெட்டி வழியே விட வேண்டும்.

விறகு பாய்லருக்கு பாய்லர் லைசென்ஸ் வேண்டுமா?
– டீக்கடை மற்றும் லாட்ஜ், கூடலூர்

நீராவி எடுக்காமல், தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழே மட்டும் சூடாக்கினால் பழைய 1923 சட்டத்திலும், அதற்குப் பதிலாக வந்த 2025 சட்டத்திலும் அது பாய்லர் கணக்கில் வராது. லைசென்ஸ் இல்லை என்பதற்காக வென்ட் குழாயை அடைத்து மேலே வால்வு போட்டுவிடாதீர்கள். அடைத்தால் அழுத்தம் ஏறும், ஏறினால் அது வெடிக்கும் பாத்திரம்.