பழைய அம்பாசிடரில் டைமிங் செயின் டென்ஷனர் தேய்ந்துவிட்டது. ரப்பரை மட்டும் ஒட்டினால் போதுமா, முழுசாக மாற்ற வேண்டுமா?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜினின் முன்பக்கம் கடகடக்கிறது, மெக்கானிக் "டென்ஷனர் ரப்பர் போச்சு, புது ரப்பர் வெட்டி ஒட்டித் தர்றேன்" என்கிறார், சம்மதிக்கலாமா, இல்லை நாமே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். (என்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க்ஷாஃப்ட், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டை ஒரு செயின் வழியாக ஓட்டுகிறது. அதுதான் டைமிங் செயின். அது தொய்யாமல் ரப்பர் முகத்தால் அழுத்திப் பிடிப்பது டென்ஷனர்.)

வேண்டாம். இதே ஒட்டு வேலையை ஒருமுறை செய்துகொண்டு அவதிப்பட்டவன் சொல்கிறேன்.

அப்பா வைத்திருந்த 1977 மார்க் 3 அம்பாசிடர் இப்போது என்னிடம் இருக்கிறது. கோவையில் ஒரு பட்டறையில் டென்ஷனரின் தேய்ந்த ரப்பரைச் சீவி எடுத்துவிட்டு, ஏதோ பெல்ட் துண்டை வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் வண்டி பூனை மாதிரி ஓடியது. அப்புறம் பழைய கடகடப்பு திரும்பி வந்தது, முன்பைவிடச் சத்தமாக. சம்ப்பை, அதாவது என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியைக் கழற்றிப் பார்த்தால் ஆயில் ஸ்ட்ரெய்னர் வலையில் கறுப்பு ரப்பர்த் துணுக்குகள். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் ஆயில் போகும் வழியே அடைத்திருக்கும். சூடான ஆயிலில் நாள் முழுக்க ஊறி, மேலே செயினும் உரசும் இடத்தில் கடைப் பசை நிற்காது. கம்பெனியில் அந்த ரப்பரை உலோகத்தோடு சூட்டில் சேர்த்தே வார்த்திருப்பார்கள்.

முதலில் உங்கள் என்ஜின் எது என்று பாருங்கள். நான் எழுதுவது 1489 சிசி பெட்ரோல் என்ஜினுக்கு. பி.எம்.சி. நிறுவனத்தின் பி சீரிஸ் என்பார்கள். 1959 வாக்கில் பழைய சைடு வால்வு என்ஜினை எடுத்துவிட்டு அம்பாசிடருக்குள் வந்தது, பல மார்க்குகளைத் தாண்டி நிலைத்தது. இதே குடும்பத்து என்ஜின்தான் இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இருந்தது. அதனால் இந்தக் கடகடப்பு நம் ஊர் டாக்சிகளுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பிற்காலத்து இசுசு 1800 என்ஜின் உள்ள வண்டி என்றால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை, அதன் அமைப்பு வேறு.

கவரைத் திறப்பதற்குமுன் சத்தம் செயினிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீர் பம்ப் பேரிங், டைனமோ பேரிங் இரண்டும் ஏறக்குறைய இதே இடத்திலிருந்துதான் கத்தும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினைச் சில விநாடிகள் மட்டும் ஓட விடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் டென்ஷனர் பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள். நிற்கவில்லை என்றால் அடுத்த சோதனை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டாரைப் பார்த்தபடி ஒருவர் நிற்கட்டும். இன்னொருவர் கிராங்க் புல்லியைக் கையால் முன்னே கொஞ்சம் திருப்பிவிட்டு, அப்படியே மெதுவாகப் பின்னே திருப்பட்டும். புல்லி திரும்பியும் ரோட்டார் சும்மா நின்று, பிறகுதான் அசைகிறது என்றால் நடுவில் அவ்வளவு தொய்வு இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கேம்ஷாஃப்ட்டிலிருந்து ஓடுகிறது, கேம்ஷாஃப்ட்டைச் செயின் ஓட்டுகிறது. டைமிங் லைட் அடித்தால் குறி ஓரிடத்தில் நிற்காமல் துள்ளுவதற்கும் பெரும்பாலும் இதே தொய்வுதான் காரணம். கார்ப்பரேட்டரைக் குறை சொல்லி நான் செலவழித்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கணக்கே இல்லை.

திறக்கும் வேலையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. தண்ணீரை வடித்து ரேடியேட்டரை இறக்குங்கள், பெல்ட்டைக் கழற்றுங்கள். அப்புறம் கிராங்க் புல்லி நட். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்ய மாட்டுவோமே, அந்தக் காது வைத்த நட்தான். அதன் லாக் வாஷரை உளியால் நிமிர்த்திவிட்டு, வண்டியை டாப் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பெரிய ஸ்பேனரை மாட்டிச் சுத்தியலால் ஒரு சுருக்கான அடி. மெதுவாக இழுத்துக்கொண்டே இருந்தால் என்ஜின்தான் சுற்றும், நட் வராது. புல்லி வந்ததும் கவர் போல்ட்டுகள். அவற்றில் இரண்டு அளவு இருக்கும், எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். சம்ப்பைத் தொடாமலே கவர் வெளியே வரும். (பழைய டென்ஷனரின் ரப்பர் பிய்ந்திருந்தால் மட்டும் சம்ப்பையும் இறக்கி ஸ்ட்ரெய்னரைக் கழுவித்தான் ஆக வேண்டும், சோம்பல்படாதீர்கள்.) கிராங்கின்மேல் தட்டு மாதிரி ஒரு ஆயில் த்ரோயர் இருக்கும். எந்தப் பக்கம் முன்னே பார்த்து இருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். பக்கம் மாற்றி மாட்டினால் சீல் வழியாக ஆயில் கொட்டும்.

இனி டென்ஷனர். இதைப் புரிந்துகொள்ளாமல் கை வைப்பதால்தான் பாதி டென்ஷனர்கள் கெடுகின்றன.

செயினில் ரப்பர் உரசுவதைப் பார்த்துவிட்டு, பின்னால் ஒரு ஸ்பிரிங் தள்ளுகிறது, அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். பக்கத்துத் தெரு லேத் பட்டறைப் பெரியவர்தான் பிரித்துக் காட்டினார். "தம்பி, இது ரப்பர் சமாச்சாரம் இல்ல, பூட்டு" என்றார். உள்ளே மூன்று சாமான்கள். ரப்பர் முகம் வைத்த பிளஞ்சர், ஒரு ஸ்பிரிங், ஒரு குட்டி சிலிண்டர். சிலிண்டரின் உடம்பில் திருகு மாதிரி சுற்றிப் போகும் ஒரு காடி வெட்டியிருக்கும், அந்தக் காடியின் ஒரு ஓரம் ரம்பம் போலப் பல் பல்லாக இருக்கும். பிளஞ்சருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன முளை இந்தக் காடியில் ஓடுகிறது. செயின் தொய்யத் தொய்ய ஸ்பிரிங் பிளஞ்சரை வெளியே தள்ளும், சிலிண்டர் துளி சுழலும், முளை அடுத்த பல்லில் போய் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் பின்வாங்காது. சைக்கிள் ஃப்ரீவீல் ஒரு திசையில் பிடித்து மறு திசையில் விடுகிறதே, அந்த மாதிரி. இது போக, டென்ஷனரின் பின்பக்கத்திலிருந்து ஆயில் உள்ளே வந்து ரப்பர் முகத்தில் இருக்கும் ஒரு சிறு துவாரம் வழியாகச் செயினை நனைக்கிறது.

ஆகவே கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பிப் பிளஞ்சரை உள்ளே அமுக்கக் கூடாது. பல் உடையும். ரப்பருக்கு எதிர் முனையில் ஒரு பிளக் இருக்கிறது, அதன் லாக்கை நிமிர்த்திவிட்டுக் கழற்றுங்கள். அந்த ஓட்டை வழியாக 1/8 அங்குல ஆலன் கீயை விட்டு, கடிகாரம் சுற்றும் திசையில் அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்றுக்குள் திருப்பினால் ரப்பர் முகம் தானாகப் பின்னே வந்து பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் டென்ஷனர் கையில் வந்துவிடும். ஆலன் கீ அங்குல அளவில்தான் வேண்டும். நம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் செட்டில் 3 மி.மீ. இருக்கும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 1/8 அங்குலம் என்பது 3.175 மி.மீ., அந்தச் சின்ன இடைவெளி போதும், கீ வழுக்கிச் சிலிண்டரின் வாயை உருட்டிவிடும். என் முதல் டென்ஷனர் இப்படித்தான் போனது.

வெளியே எடுத்த பிறகு பிளஞ்சரை உடம்பிலிருந்து உருவி, மறுபடியும் ஆலன் கீயை விட்டுக் கடிகாரத் திசையில் திருப்பினால் சிலிண்டரும் ஸ்பிரிங்கும் பிரியும். இரண்டையும் விரல்களால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு ஸ்பிரிங் இன்னும் எங்கேயோ இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். பழுது பார்க்கலாமா, முழுசாக மாற்றணுமா என்பதை ரப்பரை வைத்து முடிவு செய்ய முடியாது. ரப்பரில் இரட்டைச் செயின் பதித்த இரண்டு பள்ளங்கள் எப்படியும் இருக்கும், அது எப்படியும் போக வேண்டியதுதான். பார்க்க வேண்டியது பிளஞ்சர் ஓடும் உடம்பின் துளை. அது வட்டமாக இருக்கிறதா, ஓவல் அடித்துவிட்டதா? துளையின் வாய்ப் பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.003 அங்குலத்துக்கு உள்ளே, அதாவது 0.076 மி.மீ.க்குள் இருந்தால், அதே உடம்பில் புது ஸ்லிப்பர் (ரப்பர் முகம் வைத்த அந்தப் பிளஞ்சர்) போட்டுக்கொள்ளலாம். தாண்டிவிட்டால் முழு செட்டையும் மாற்றுங்கள். இந்த அளவு நானாகச் சொல்வது அல்ல, பி சீரிஸ் பணிமனைக் கையேட்டில் இருப்பது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, உள்விட்டம் அளக்கும் கருவி வைத்திருக்கும் லேத் பட்டறையில் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. ஓவலான துளையில் பிளஞ்சர் சாய்ந்து நிற்கும், சாய்ந்து நின்றால் புது ரப்பரும் ஒரு பக்கமாகவே தேயும், மறுபடியும் இதே வேலைக்கு உட்காருவீர்கள். துளையைப் பெரிதாக்கி உள்ளே புஷ் (உருளை வளையம்) அடித்துத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். செய்ய முடியாதது இல்லை. ஆனால் அந்தக் கூலியும் நேரமும் புது டென்ஷனருக்கு மேல் போகும்போது எனக்கு அதில் ஆசை இல்லை.

செயினையும் சும்மா விடாதீர்கள். எடுத்துக் கழுவி, பட்டையாகப் படுக்க வைத்த மாதிரி ஒரு முனையில் பிடித்து நீட்டிப் பாருங்கள். தேய்ந்த செயின் வாழை இலை மாதிரி வளைந்து தொங்கும், நல்ல செயின் ஓரளவு நேராக நிற்கும். தேய்ந்த செயினோடு புது டென்ஷனரைப் போட்டால், அது முதல் நாளே பாதிப் பற்களைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கும். செயினைக் கழற்ற வேண்டியிருந்தால், முதலில் இரண்டு பல்சக்கரங்களிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி என்ஜினைச் சுற்றி நிறுத்துங்கள், கேம் நட்டைக் கழற்றி, இரண்டு சக்கரங்களையும் செயினோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே இழுங்கள். கிராங்க் சக்கரத்துக்குப் பின்னால் ஷிம் எனப்படும் மெல்லிய தகட்டு வளையங்கள் இருக்கும், அவை தொலையக் கூடாது. செயின் வெளியே இருக்கும்போது வீட்டுக் குழந்தைகளிலிருந்து மெக்கானிக் வரை யாரையும் என்ஜினைச் சுற்ற விடாதீர்கள்.

மாட்டுவது கழற்றியதற்கு நேர் எதிர்தான், ஓரிடம் தவிர. டென்ஷனரின் ஆயில் துவாரங்களை ஊதிச் சுத்தம் செய்து, ஸ்பிரிங்கை அமுக்கிச் சிலிண்டரைப் பூட்டிய நிலையிலேயே பேக்கிங்கோடு பொருத்தி, போல்ட்டுகளை முறுக்கி லாக் வாஷரை மடியுங்கள். இப்போது மறக்காமல் பூட்டை விடுவிக்க வேண்டும். அதே ஆலன் கீ, அதே கடிகாரத் திசை. திருப்பியதும் ஸ்பிரிங் விசையில் ரப்பர் முகம் முன்னே வந்து செயினைத் தொடும். எதிர்த் திசையில் திருப்பாதீர்கள், கையால் தள்ளியும் உதவாதீர்கள். விடுவிக்காமல் கவரை மூடிவிட்டு, "புது டென்ஷனர் போட்டும் சத்தம் போகலையே" என்று புலம்பியவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் பாகம் போலி என்று கடைக்காரரோடு சண்டைக்கே போனார்.

கவரைப் போடுவதற்குமுன் ஹேண்டில் நட்டைத் தற்காலிகமாக மாட்டி என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். புள்ளிகள் இரண்டும் மறுபடி நேருக்கு நேர் வர வேண்டும். ஒரே சுற்றில் வரவில்லையே என்று பதறாதீர்கள், கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒன்று சுற்றும். பழைய கவர் என்றால் ஃபெல்ட் சீல் இருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள். கவர் போல்ட்டுகளை லூசாக விட்டு, புல்லியைச் சீலுக்குள் நுழைத்துக் கவரை நடுவில் உட்கார வைத்த பிறகே முறுக்க வேண்டும். முதலில் கவரை முறுக்கிவிட்டுப் புல்லியைத் தள்ளினால் சீல் ஒரு பக்கமாக நசுங்கி, ஒரு வாரத்தில் வாசலில் எண்ணெய்க் கோலம்தான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இக்னிஷன் காயிலிலிருந்து வரும் பெரிய ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரை நிறுத்தி நிறுத்திச் சுற்றுங்கள். பிறகு ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். டைமிங்கையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், செயினில் தொய்வு போனதால் பழைய செட்டிங் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

நாமே செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். புல்லி நட்டைக் கழற்றும் தெம்பும், ஒரு வார இறுதியும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். பாகத்துக்கு முதலில் சென்னைப் புதுப்பேட்டையில் விசாரியுங்கள். அங்கே சரியானது அமையாவிட்டால் எம்.ஜி. கார்களுக்குப் பாகம் விற்பவர்களிடம் டூப்ளக்ஸ் (இரட்டை) செயினுக்கான டென்ஷனர் புதிதாகவே கிடைக்கிறது. ஆர்டர் செய்வதற்குமுன் போல்ட் ஓட்டைகளின் இடைவெளியையும் உடம்பின் உயரத்தையும் உங்களுடையதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதனால் புதுசு கைக்கு வரும்வரை பழையதைத் தூக்கிப் போட வேண்டாம், கடையில் மாதிரி காட்ட அதுதான் வேண்டும்.