முழுப்பரீட்சை முடிகிற நேரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு, சிஸ்டர்கள் நடத்தும் பள்ளி. நாங்கள் இந்துக் குடும்பம். இப்போதெல்லாம் சாப்பிடும் முன் சிலுவை போட்டுக்கொள்கிறாள். வருடக் கடைசி நன்றித் திருப்பலிக்கு, அதாவது கோயில் பூசைக்கு, பாட்டுக் குழுவிலும் சேர்ந்துவிட்டாள். மாமியார் பள்ளியை மாற்றச் சொல்கிறார். என்ன செய்வது?
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன் அம்மா, மனசு லேசாகும். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் ஒரு பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது. அரசியல் சட்டம் 28(3) பிரிவில் இது தெளிவாக இருக்கிறது. உங்களுக்கு விருப்பமில்லை என்றால் தலைமையாசிரியையிடம் ஒரு கடிதம் கொடுங்கள்.

ஆனால் கடிதத்துக்கு முன்னால் மகளிடம் பேசுங்கள். பாட்டு பிடித்துச் சேர்ந்தாளா, தோழிகள் சேர்ந்தார்கள் என்று சேர்ந்தாளா, சாமி கும்பிடத் தோன்றியதா? நான் இப்படியொரு பள்ளியில் 26 வருடம் தமிழ் நடத்தியவன், நெற்றியில் விபூதியோடுதான் வகுப்புக்குப் போவேன். ஈஸ்டருக்கு முன்னால் வரும் நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் நாளுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வைத்திருக்கும் பெயரே திருநீற்றுப் புதன்தான். போன வருடக் குருத்தோலைகளை எரித்த சாம்பலைப் பூசுவார்கள். அன்றைக்கு ஒரு ஆறாம் வகுப்புப் பெண் என்னைப் பார்த்து, "ஐயா, நீங்களும் பூசைக்கு வந்தீங்களா?" என்று கேட்டாள். "நான் தினமும் பூசுவேன்மா" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். இதை உங்கள் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், மண்ணாய்ப் போகிற உடம்பு என்பதை அவர்களும் சாம்பலை வைத்துத்தான் நினைத்துக்கொள்கிறார்கள் என்று.

அப்புறம், பிள்ளை வளர்ந்திருக்கிறாளா என்பதைப் பார்க்க மார்க் அட்டைக்கு முன்னாலேயே ஒரு இடம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் கடைசிப் பரீட்சை அன்று, சின்னதாகிப் போன யூனிஃபார்ம்களைத் துவைத்து மடித்துக் கொண்டுவருவார்கள். சிஸ்டர் ஒருவர் காலரில் தைத்திருக்கும் பெயரை எல்லாம் பிளேடால் பிரித்து எடுப்பார், யாருடையது என்று வாங்குகிற பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. பாவாடைக் கீழ் மடிப்பை இரண்டு முறை இறக்கிவிட்ட கோடு மட்டும் வெளுக்காமல் கருநீலமாகத் தெரியும். அதை அளவு பார்த்து எடுத்துக்கொண்டு போகிறவர்களில் எல்லா மதமும் உண்டு, கொடுத்தவர்களிலும் உண்டு. உங்கள் மகள் இப்படிக் கொடுப்பதற்கென்று அலமாரியில் இருந்து எதையாவது எடுத்துவைத்திருக்கிறாளா என்று பாருங்கள். வைத்திருந்தால் பள்ளியை மாற்றாதீர்கள்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர்கள். மகன் பத்தாவது முடித்துவிட்டு வேறு பள்ளிக்குப் போகிறான். இனி பள்ளியில் மறைக்கல்வி என்கிற சமயப் பாடம் கிடையாது. விசுவாசம் விட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
(ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கல்வி பற்றித் தந்த ஏடு, பிள்ளைகளுக்கு முதல் ஆசான்கள் பெற்றோரே என்கிறது. பள்ளி கைகொடுக்கும், அவ்வளவுதான். பத்து வருடம் பள்ளியை நம்பி நாம் சும்மா இருந்துவிட்டோமோ என்ற கவலைதான் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிகிறது. சரி, இப்போதும் நேரம் இருக்கிறது. உங்கள் தெரு அன்பியக் கூட்டத்துக்கு, அதுதான் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டத்துக்கு, கூட்டிப் போங்கள். உட்காரவைத்து ஜெபம் சொல்லச் சொல்லாதீர்கள், பாய் விரிக்கவும் பைபிள் வாசிக்கவும் நடக்க முடியாத பாட்டியைக் கைப்பிடித்துக் கூட்டிவரவும் சொல்லுங்கள். வேலை இருக்கிற இடத்துக்குப் பதினைந்து வயசுப் பையன் திரும்ப வருவான், இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வகுப்பு சிஸ்டருக்கு மாற்றல் வந்துவிட்டது. மகள் அழுகிறாள். என்ன பரிசு கொடுக்கலாம்?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் அவர்கள். போகச் சொன்னால் போவார்கள், பெட்டியும் சின்னதாகத்தான் இருக்கும். சுவர்க் கடிகாரம் வேண்டாம். அந்தச் சிஸ்டர் நடத்தி எந்தக் கணக்கு முதன்முதலாகப் புரிந்ததோ, அந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு, கீழே தேதியும் தன் பெயரும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.