கேள்வி நேரம்: இடாத ஆன்டிபாடியும் ஏறிய பழுப்பும்

கேள்வி: ஐயா, குடல் அழற்சியை உண்டாக்கிய சுண்டெலிகளின் திசுவில் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தைத் தேடுகிறேன். அதைப் பிடிக்க இடும் முதல் ஆன்டிபாடி, சுண்டெலியிலேயே உருவான மோனோகுளோனல் (ஒரே இலக்கைப் பிடிக்கும் ஒரே வகை). அதை இரண்டாவது ஆன்டிபாடி பிடிக்கும்; அதோடு இணைந்த பெராக்சிடேஸ் நொதி, டிஏபி என்ற நிறப்பொருளைப் பழுப்பாக்கும் முறை. அழற்சித் திசு நன்றாகப் பழுப்பேறுகிறது, நலமான திசு வெளிறியே இருக்கிறது. ஆனால் முதல் ஆன்டிபாடி இடாத ஸ்லைடும் பழுப்பாகிவிட்டது. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?
– ஆய்வு மாணவி

பதில்: இடாத ஆன்டிபாடி எப்படியம்மா பழுப்பைத் தரும்? புட்டியைத் திட்டாதீர்கள். அந்த வெற்று ஸ்லைடுக்கு ஒரு கும்பிடு போடுங்கள். அது இல்லாமல் போயிருந்தால் அழகான படத்தோடு தப்பான கட்டுரை வந்திருக்கும்.

எனக்கு இரண்டு பேர் மேல் சந்தேகம். அழற்சி கண்ட இடத்தில் நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் வந்து குவியும். அவற்றின் மைலோபெராக்சிடேஸ் நொதி டிஏபியைத் தானே பழுப்பாக்கிவிடும். சிவப்பணுக்களும் அதற்குத் துணை போகும். அடுத்தது உங்கள் இரண்டாவது ஆன்டிபாடி. அது சுண்டெலி ஐஜிஜியை, அதாவது சுண்டெலி ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி வகையைப் பிடிக்கவே செய்யப்பட்டது. அழற்சியில் ரத்தக்குழாய்கள் கசிந்து, ஐஜிஜி திசுவெங்கும் பரவியிருக்கும். நீங்கள் இட்டதையும் திசுவில் ஏற்கெனவே இருப்பதையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டுமே நலமான திசுவில் குறைவு என்பதால்தான் வேறுபாடு அவ்வளவு நம்பும்படி இருந்தது.

ஒரு ஸ்லைடில் டிஏபி மட்டும் இட்டுப் பாருங்கள். பழுப்பேறினால் பெராக்சிடேஸ் அடங்கவில்லை என்று பொருள். அதை அடக்க 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் புதிதாகக் கலந்து 10 நிமிடம் வையுங்கள். டிஏபி மட்டும் இட்ட ஸ்லைடு சுத்தமாக இருந்து, இரண்டாவது ஆன்டிபாடி சேர்த்த ஸ்லைடு மட்டும் பழுப்பேறினால், முயலில் உருவான முதல் ஆன்டிபாடிக்கு மாறிவிடுவதே மேல். திசுவின் ஐஜிஜியை மறைக்கும் தடுப்புக் கரைசல்களோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை. இரண்டாவது ஆன்டிபாடியும் சுண்டெலி ஐஜிஜியோடு ஒட்டாதபடி சுத்திகரித்ததாக இருக்கட்டும்.

இன்னொன்று. இந்தப் புரதம் முதலில் 31 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) முன்வடிவமாக உருவாகி, வெட்டுப்பட்ட பிறகே 17 கிலோடால்டன் செயல்வடிவம் பெறுகிறது. இரண்டையும் பிடிக்கும் ஆன்டிபாடி என்றால், எது எவ்வளவு என்பதை ஸ்லைடு சொல்லாது. அதற்குப் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் வேண்டும்.

கேள்வி: வெஸ்டர்ன் பிளாட்டில் தெளிவான பட்டை தரும் ஆன்டிபாடி, ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவில் ஒன்றுமே காட்டவில்லையே?
– ஆய்வக உதவியாளர்

பதில்: பிளாட்டில் புரதம் மடிப்பவிழ்ந்து கிடக்கும், ஃபார்மலினோ குறுக்குப் பிணைப்புகளால் அதைக் கட்டிப்போட்டுவிடும். அந்தக் கட்டை அவிழ்க்க, ஸ்லைடைப் பிஎச் 6 சிட்ரேட் கரைசலில் சூடாக்கிப் பாருங்கள், பலிக்காவிட்டால் பிஎச் 9. அந்தப் புரதம் நிச்சயம் இருக்கும் திசு ஒன்றையும் கூடவே வையுங்கள்.